முனியன் உட்காரும் இடம்

நாராயணசாமிக்குச் சாப்பிட்டோமா இல்லையா என்பதே மறந்துபோகும். செத்துப்போன பெண்டாட்டியைத் தேடி மாட்டுக்கொட்டகை வரை போய்வருவார். ஆனால் ஆடுபுலி ஆட்டத்தில் எந்த ஆடு எங்கே நிற்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். வடக்கனந்தல் ரோட்டில் புளியமரத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த நான் அந்தக் கூத்தைத் தினமும் பார்த்தவள்.

மரத்தடியில் ஒரு பலகைக்கல், அதில் செதுக்கிய கட்டம். கூழாங்கல் புலி, புளியங்கொட்டை ஆடு. நாராயணசாமிக்கு எப்போதும் புலிதான். அவர் நிலத்தில் காலமெல்லாம் ஏர் ஓட்டிய முனியனுக்கு ஆடு. காலனிக்காரரான முனியன் நிலக்காரர் வீட்டில் உட்கார முடியாது. ரோட்டோர மரம் யார் வீட்டுச் சொத்தும் இல்லையே. அங்கே இருவரும் முட்டி இடிக்க உட்கார்ந்து, தோற்றவர் ஜெயித்தவரை வாய்க்கு வந்தபடி ஏசுவார்.

கள்ளக்குறிச்சி டாக்டர், நாராயணசாமியின் மருமகள் ஆண்டாளிடம் சொல்லியிருந்தார்: "மாத்திர கெடக்குதும்மா. அந்த ஆட்டம் நிக்காம பாத்துக்க. அதான் அவர புடிச்சி வெச்சிருக்குது." அன்றிலிருந்து விடிந்ததும் மாமனாருக்கு வேட்டி கட்டிவிட்டு அனுப்பிவிடுவாள்.

எண்பத்தேழில் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் வந்தது. நாராயணசாமியின் மகன் வெங்கடேசன் கோடாலியோடு முன்னால் நின்றான். தன் பிள்ளைக்காவது ஒரு சர்க்கார் வேலை கிடைக்காதா என்ற ஆதங்கம். அதை நான் குறைசொல்ல மாட்டேன். வெட்டுவதற்கு மரம் பார்த்தான் பாருங்கள், அதுதான் எனக்கு வயிறெரிகிறது. அடுத்தவன் வாசல் மரத்தில் கைவைத்தால் பங்காளிச் சண்டை வரும். அப்பன் உட்காரும் மரம் என்றால் கேட்க ஆளில்லை!

"ஏம்ப்பா, வேற மரமே கெடைக்கலியா?" என்று கத்தினேன்.

"அவரு வேற நெழல்ல குந்திக்கினு போறாரு. நீ கடைய சாத்துக்கா."

மரம் விழுந்தது. கல்லையும் உருட்டி ரோட்டில் போட்டார்கள். வெள்ளிமலை பஸ் நின்றது. அந்தக் கலவரத்தில் காலனியில் இரண்டு கூரை எரிந்தது, அதில் ஒன்று முனியனுடையது. யார் வைத்த தீ என்று இன்றுவரை ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. வெங்கடேசனைப் போலீஸ் பிடித்துப் போனது. அதன்பிறகு காலனியும் ஊர்த்தெருவும் முகம் பார்ப்பதில்லை.

நாராயணசாமி மட்டும் தினமும் வந்து வெட்டிய அடிமரத்துப் பக்கத்தில் நிற்பார். "முனியன் வந்தானா, தங்கமணி?" என்பார். சில வாரத்தில் என் பெயர் மறந்தது. அப்புறம் வீட்டுக்குப் போகும் வழி மறந்தது. பாவி மனுஷன், வெயிலில் நிற்பதை மட்டும் மறக்கவில்லை.

வெங்கடேசன் ஜெயிலிலிருந்து வந்தபோது, யாரோ அதிகாரி என்று நினைத்து அப்பன் அவனைக் கும்பிட்டார். ஆடிப்போய்விட்டான். சாக்பீஸால் வீட்டுத் தரையில் கட்டம் போட்டு, தானே ஆடு வைத்துக் கூப்பிட்டான். கிழவர் திரும்பியும் பார்க்கவில்லை. தனியாகப் போகக் கூசி, என்னையும் கூட்டிக்கொண்டு காலனிக்குப் போனான்.

"பெரியவரே, வூட்டுக்கு வாங்க. அப்பா கூட ஒரே ஒரு ஆட்டம் ஆடுங்க."

முனியன் புதுக்கூரையை நிமிர்ந்து பார்த்தார். "ஒங்க வூட்ல நான் எங்க தம்பி குந்துறது? மரத்தாண்ட வரேன்." மரம் இன்னும் அங்கேயே நிற்பதுபோலத்தான் சொன்னார்.

மறுநாள் வெங்கடேசன் ரோட்டோரம் கிடந்த கல்லைப் புரட்டிப் பழைய இடத்தில் போட்டு, மேலே கீற்றுப்பந்தல் கட்டினான். முனியன் வந்து தன் பக்கத்தில் உட்கார்ந்து புளியங்கொட்டைகளைக் கொட்டினார். கல்லைப் பார்த்ததும் நாராயணசாமியின் முகம் மலர்ந்தது. கூழாங்கல் ஒன்றை எடுத்துத் தடவினார். எனக்கு உயிர் வந்தது.

பிறகு எதிரில் இருந்தவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"கோச்சிக்காதீங்க. இது முனியன் குந்துற எடம். இப்ப வந்துடுவான். நீங்க கொஞ்சம் தள்ளிக் குந்துங்க."

முனியனின் கண் நிறைந்துவிட்டது. வெங்கடேசன் அடிமரத்தில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

முனியன் தள்ளி உட்கார்ந்தார். நாராயணசாமியோடு சேர்ந்து அவரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.