ஒன்பது நாள் பேசாதவள்

"அக்கா, ஒரே ஒரு வார்த்தைதான். அதிர்ச்சியில கார் நம்பர் மறந்துபோச்சு, ஒன்பது நாள் கழிச்சுத்தான் ஞாபகம் வந்துச்சு. இதைச் சொல்லிட்டுக் கூண்டை விட்டு இறங்கிடுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

வக்கீல் அனுசுயா இதை என்னிடம் மூன்றாவது முறையாகச் சொன்னாள். திருச்சி கோர்ட்டின் அந்த வராந்தாவில் நிற்க இடமில்லை. கையில் கட்டுப் போட்டவர்கள், கழுத்தில் பட்டை போட்டவர்கள், போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு கிழவர். எல்லாரும் எங்களைப் போல வண்டியில் அடிபட்டவர்கள், அல்லது அடிபட்டுச் செத்தவர்களின் ஆட்கள். என் வீட்டுக்காரர் ராசப்பன் பெஞ்சின் ஓரத்தில் ஊன்றுகோலை இரண்டு தொடைக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வர வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "நீ பேசறதைக் கேக்க வேணாமா நான்?" என்று வெள்ளைச் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்த மனுஷன் வந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காட்டூரில் மலர்க்கொடி என்றால் தெரியாது. வாயாடி மலரு என்றால் பால்காரன்கூட வீட்டைக் காட்டுவான். ரேஷன் கடையில் எடை குறைந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதை என் அம்மா தாலாட்டு மாதிரி சொல்லி வளர்த்தாள். என் வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். டைல்ஸ் போடுகிற கொத்தனார். நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து கோடு பிசகாமல் கல் பதிப்பார். வாயிலிருந்து நாலு வார்த்தை வராது. எங்கள் வீட்டுக்குச் சேர்த்து நான்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முந்திய பங்குனியில், எங்கள் தெரு மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுகிற அன்று சாயங்காலம், மாலை வாங்கிக்கொண்டு தஞ்சாவூர் ரோட்டில் இரண்டு பேரும் நடந்து வந்தோம். ரோட்டில் போனால் அவர் எப்போதும் வண்டி வருகிற பக்கம், நான் உள்பக்கம். கல்யாணமான மறுநாளிலிருந்து அப்படித்தான்; சொல்லி வந்த பழக்கமில்லை. தார் ரோட்டில்கூட இல்லை, மண்ணில்தான் நடந்தோம். ஒரு பஸ்ஸை முந்துவதற்காக இடதுபக்கம் மண்ணில் இறங்கிய வெள்ளைக் கார் அவரைத் தூக்கி எறிந்தது. சற்றுத் தள்ளிப் போய் நின்றது. ஒரு மூச்சு நேரம். பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தபடி அதன் நம்பர் என் கண்ணுக்கு நேரே இருந்தது. நாலு ரெண்டு ஒன்னு ஏழு. பிறகு கிளம்பிப் போய்விட்டது. பாவி, ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா!

அவர் தலையை மடியில் எடுத்து வைத்தேன். மூச்சு இல்லை. மாலைப் பூவெல்லாம் ரத்தத்தில் கிடந்தது. அந்த நேரத்தில் ஆத்தாவுக்குக் கொடுக்க என்னிடம் என்ன இருந்தது? தாலியில் குண்டுமணி தங்கம் கிடையாது. முடியைக் கொடுப்பதெல்லாம் எல்லாரும் கொடுப்பது. "தாயே, இந்த உசிரைத் திருப்பிக் குடு. காப்பு அவுக்கற வரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன். ஒரு வார்த்தை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று கத்தினேன். கத்தி முடிக்கவும் அவர் தொண்டையில் ஒரு முனகல். பெற்ற தாய் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடியில்தான் முனகினார்.

அதற்கப்புறம் எப்படித் திறப்பேன்?

ஆஸ்பத்திரியில் என் தம்பி இளவரசன்தான் சேர்த்தான். அவன் காரைப் பார்க்கவில்லை. அடையாளம் தெரியாத வண்டி என்று அவன் சொன்னதை அங்கே எழுதிக்கொண்டார்கள்; போலீஸும் அதையே எழுதியது. ஏட்டு என்னிடம் வந்து, "நீ கூட இருந்தியாமே, நம்பர் பாத்தியாம்மா?" என்று கேட்டார். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். துக்கத்தில் இருக்கிறாள் என்று விட்டுவிட்டார். ஐசியூ கண்ணாடிக்கு வெளியே ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தேன். சாமி பெயரைக்கூட நினைக்கவில்லை. நாலு ரெண்டு ஒன்னு ஏழு, நாலு ரெண்டு ஒன்னு ஏழு என்று உள்ளுக்குள் அதையே ஓட்டிக்கொண்டிருந்தேன், மறந்துவிடக் கூடாதென்று. ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டியிருக்கலாம். கை பரபரத்தது. ஆனால் எழுதுவதும் சொல்வதுதானே? மனுஷனை ஏமாற்றலாம், ஆத்தாவை ஏமாற்ற முடியுமா? நான் பேனாவை எடுத்த நேரம் உள்ளே அவர் மூச்சு நின்றுபோனால்?

ஒன்பது நாள் முடிந்து காப்பு அவிழ்த்த அன்று வாயைத் திறந்தேன். முதலில் வந்தது அந்த நம்பர்தான். ஸ்டேஷனுக்கு ஓடினேன். "ஒன்பது நாளா என்னம்மா பண்ணிட்டிருந்த?" என்றார் ஏட்டு. பயத்தில், இப்போதுதான் ஞாபகம் வந்தது என்று சொல்லித் தொலைத்தேன். அந்தப் பொய்யில் ஆரம்பித்ததுதான் எல்லாம். ஆர்டிஓ ஆபீசில் கேட்டு, வண்டி ஸ்ரீரங்கத்தில் இருப்பதாகக் கண்டுபிடித்து நானே போனேன். உத்தர வீதிப் பக்கம் ஒரு சந்தில் நின்றிருந்தது. முன்னால் ஒரு பக்க விளக்கு மட்டும் பளபளவென்று புதுசு, மற்றது மஞ்சள் பூத்தது. வண்டிக்காரர் சௌரிராஜன் என்ற பெரியவர், நெற்றி நிறைய நாமம். "அன்னிக்கு வண்டி எங்காத்து வாசலை விட்டே நகரலையேம்மா" என்றார். "பெருமாள் மேல சத்தியம் பண்ணுங்க, நான் இப்படியே திரும்பிப் போயிடறேன்" என்றேன். அவர் வாய் அசைந்தது, சத்தியம் வரவில்லை. உள்ளேயிருந்து ஒரு அம்மா, "நீங்க உள்ள வாங்கோ" என்றாள். கதவு மூடிக்கொண்டது. சாமிக்குப் பயந்ததில் அவரும் ஒரு வகையில் என்னைப் போலத்தான் என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. தோன்றி என்ன பிரயோஜனம்? போலீஸ், கண்டுபிடிக்க முடியவில்லை என்று கேஸை மூடிவிட்டது.

அனுசுயாதான் தீர்ப்பாயத்தில் மனு போட்டாள். சின்னப் பெண், ஆனால் விஷயம் தெரிந்தவள். "நடந்து போறவருக்கு லைசென்ஸ் வேணாம், இன்ஷூரன்ஸ் வேணாம்க்கா. இடிச்ச வண்டியோட இன்ஷூரன்ஸ் கம்பெனிதான் குடுக்கணும். அது அவரோட உரிமை, யாரும் போடற பிச்சை இல்ல. கொலைக் கேஸ் மாதிரி நூத்துக்கு நூறு நிரூபிக்கவும் வேணாம், நம்பற மாதிரி இருந்தாப் போதும். ஆனா எந்த வண்டின்னு காட்டணும். தெரியாத வண்டின்னா கவர்மெண்ட் ஏதோ சின்னத் தொகையக் குடுத்து முடிச்சுடும்." அந்தச் சின்னத் தொகை அவருடைய முட்டிக்கு ஒரு ஆபரேஷனுக்குக்கூடக் காணாது. மடங்காத காலோடு எந்தக் கொத்தனார் குந்தி உட்கார்ந்து டைல்ஸ் போடுவார்? வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் வீட்டுக்காவது மணல் இறங்கினால் பார்த்துக்கொண்டே இருப்பார்.

இதில் இன்னொரு கொடுமை. பன்னிரண்டாம் நாள்தான் அவருக்கு நினைவு வந்தது. தெருவே போய் அவரிடம் சொன்னது: உனக்காக மலரு ஒன்பது நாள் வாயைக் கட்டினாள் என்று. அவர் அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். "இவ வாயைக் கட்டினாய்யா, இவ!" அந்த ஒன்பது நாளும் நம்பர் எனக்குள்தான் இருந்தது என்பது அவருக்குத் தெரியாது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலையவிட்டவள் நான். போன வாரம் அனுசுயாவிடம் மட்டும் சொன்னேன். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இதை யாருக்கும் சொல்லாதீங்கக்கா" என்றாள்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறி, உண்மையே சொல்வதாகக் கடவுள் மேல் ஆணையிட்டேன். அனுசுயா கேட்டதற்கெல்லாம் சொல்லிக் கொடுத்தபடி பதில் சொன்னேன். பிறகு இன்ஷூரன்ஸ் வக்கீல் எழுந்தார். கோபமே படாத ஆள்.

"ஏம்மா, உங்களைத் தெருவுல வாயாடின்னு சொல்வாங்களாமே?"

"ஆமாங்க."

"அப்படிப்பட்டவங்க ஒன்பது நாள் நம்பரைச் சொல்லல. மறந்துபோச்சு. பத்தாவது நாள் நாலு இலக்கமும் வரிசையா ஞாபகம் வந்துடுச்சு. இல்லையா?"

"ஆமாங்க."

"உங்க வீட்டுக்காரரை எந்த வண்டி இடிச்சதுன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது. இன்ஷூரன்ஸ் இருக்கற ஒரு வண்டி நம்பரை யார்கிட்டயோ வாங்கி இங்க வந்து சொல்றீங்க. புருஷன் காலை வெச்சுக் காசு பாக்க வந்திருக்கீங்க."

அனுசுயா ஆட்சேபித்து எழுந்ததைப் பார்த்தேன். கடைசி பெஞ்சில் அவர் ஊன்றுகோலை ஊன்றி எழுந்திருக்க முயன்றதையும் பார்த்தேன். எனக்காகத்தான். என் பெண்டாட்டி அப்படிப்பட்டவள் இல்லை என்று சொல்ல எழுந்தார். அவ்வளவுதான், எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"யோவ்! யாருகிட்டய்யா வாங்கினேன்? நாலு ரெண்டு ஒன்னு ஏழு! அது ஒரு நாளும் மறக்கல எனக்கு. ஒரு நிமிஷம் மறக்கல. ஆத்தாகிட்ட இந்த உசிரைக் கேட்டு வாயைக் கட்டிக்கிட்டேன். ஒன்பது நாளும் அந்த நம்பரைச் சொல்லிச் சொல்லித்தான் உக்காந்திருந்தேன். சொன்னா அவரு செத்துடுவாருன்னு சொல்லல. போதுமா?"

யாரோ சிரித்தார்கள். அனுசுயா உட்கார்ந்துவிட்டாள். இன்ஷூரன்ஸ் வக்கீல் முகத்தில் முதன்முறையாக ஒரு மலர்ச்சி. "அப்போ போலீஸ்ல சொன்னது பொய். மனுவுல எழுதினதும் பொய். இதைப் பதிவு பண்ணிக்கணும்" என்றார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். அவர் அதட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"பேசத்தான் கூடாது. எழுதிக் காட்டியிருக்கலாமேம்மா?"

இரண்டு வருஷமாக ஒவ்வொரு நாளும் நான் என்னையே கேட்டுக்கொண்ட கேள்வி. பின்னால் திரும்பாமலே தெரிந்தது, ஊன்றுகோல் மெல்ல பெஞ்சில் சாய்வது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

தீர்ப்பை அடுத்த மாதம் ஒரு தேதிக்குத் தள்ளி வைத்தார்கள். "பொய் சொன்னாங்கன்னும் எடுத்துக்கலாம், இப்படி ஒரு பொய்யை யாரும் ஜோடிக்க மாட்டாங்கன்னும் எடுத்துக்கலாம். தெரியலக்கா" என்றாள் அனுசுயா. அவள் கண் கலங்கியிருந்தது.

வாசலுக்கு வந்தோம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. வழக்கமாகப் பேசாதவர்தான், ஆனால் முப்பது வருஷம் கூட இருந்தவளுக்கு வழக்கம் எது, இது எது என்று தெரியாதா? எதிர்ப்பக்கம் போய்த்தான் பஸ் பிடிக்க வேண்டும். "என்னங்க" என்றேன். "ஏதாவது சொல்லுங்க. திட்டுங்க. நாலு அறைகூட விடுங்க" என்றேன். பஸ்ஸும் ஆட்டோவும் இரண்டு பக்கமும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. ஒருவன்கூட வேகத்தைக் குறைக்கவில்லை. அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுதேன், தெருவில் நின்று அப்படி அழுதவளில்லை நான்.

கொஞ்சம் இடைவெளி கிடைத்ததும் இறங்கினோம். நாலு எட்டு வைத்திருப்போம், வலதுபக்கத்திலிருந்து ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. அந்தப் பக்கம் நான்தான் இருந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, வாயைத் திறக்கவில்லை. மடங்காத காலை அரைவட்டமாக இழுத்து என்னைச் சுற்றி வந்து, பஸ் வருகிற பக்கம் நின்றுகொண்டு, ஊன்றுகோலை அதற்கு நேராக நீட்டினார்.