பூனைக்குக் கிடைத்த ‘நாம’

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தால் கத்த மாட்டேன், வாயை மூடிக்கொள்வேன். அதுதான் இன்னும் மோசம் என்பான் என் மகன். மருமகள் வந்த இரண்டு வருஷமாக நான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு ஒரே காரணம், அவள் வாயில் வரும் ‘நாங்க’.

அவள் இந்த ஊர்க்காரி. நாங்கள் பிழைக்க வந்தவர்கள். வீட்டில் தமிழில்தான் பேசுவேன் என்று பிடிவாதமாகக் கற்றுக்கொண்டாள். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் என்னிடமே வந்து, "அத்தை, எங்க வீட்டுல தண்ணி வரல" என்பாள். எங்க வீடாம். அப்படியானால் நான் யார், வாடகைக்கு வந்தவளா? பாவம், வித்தியாசம் தெரியவில்லை போல என்று விட்டுவிடவும் வழியில்லை. ஜன்னலுக்கு வரும் பூனையிடம், "வாடா, நாம சாப்பிடலாமா?" என்று அழகாகக் கேட்பாள். பூனைக்குக் கிடைத்த ‘நாம’ எனக்குக் கிடைக்கவில்லை.

போன வாரம் ஒரு நாள் காலையில், நான் வேலைக்குக் கிளம்பும் நேரம் பார்த்துச் சொன்னாள்: "அத்தை, நாங்க அடுத்த மாசம் பெரிய வீட்டுக்குப் போறோம்."

"நல்லாப் போங்க" என்றேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டால் என்னையும் கூட்டிப் போங்கள் என்று கெஞ்சுவது போல ஆகிவிடும். மகன் லாரி ஓட்டுகிறவன், பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவான். போனில் அவனும், "வீட்டு விஷயம் சொன்னாளாம்மா?" என்றான். "சொன்னா, சொன்னா" என்று வைத்துவிட்டேன். பெற்றவளை இப்படிக் கழற்றி விடுவான் என்று நான் நினைத்ததே இல்லை. அன்றைக்கே நான் வேலை செய்யும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறையைப் பேசி முடித்தேன். வெள்ளிக்கிழமை சாவி தருவதாக அறையின் சொந்தக்காரம்மா சொன்னார்.

பள்ளியில் எனக்குச் சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாறுகிற வேலை. தட்டை நீட்டும் பிள்ளைகள் பதினோரு மொழியில் ‘போதும்’ என்பார்கள். எல்லாம் எனக்குப் புரியும். ‘இன்னும் கொஞ்சம்’ அதைவிட நன்றாகப் புரியும். வியாழக்கிழமை தலைமையாசிரியை ஒரு தாளோடு வந்தார். வாசலில் பெரிய பலகை வைக்கப் போகிறார்களாம். ஒரே வாக்கியம், பிள்ளைகள் வீட்டில் பேசும் பதினோரு மொழியிலும். பஸ் டிரைவரும் வாட்ச்மேனும் தங்கள் மொழியில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தமிழ் என் பங்கு. வாக்கியம் இந்த ஊர் மொழியில் இருந்தது. அதைத் தமிழில் எழுதப் போனால், ‘இது நம் பள்ளி’ என்றும் எழுதலாம், ‘இது எங்கள் பள்ளி’ என்றும் எழுதலாம். மாட்டிக்கொண்டேன்.

"பலகையைப் படிக்கிறவங்களும் இதுல சேர்த்தியா, இல்லையா?" என்று அவருடைய மொழியிலேயே கேட்டேன்.

அவருக்குப் புரியவில்லை.

"தமிழ்ல இதுக்கு ரெண்டு சொல் இருக்கு டீச்சர். ஒன்னு, கேட்கிறவங்களையும் சேர்த்துச் சொல்றது. இன்னொன்னு, அவங்கள வெளிய நிறுத்திட்டுச் சொல்றது."

"எங்களுக்கு ஒன்னுதான்."

"அப்போ உள்ள இருக்கோமா வெளிய இருக்கோமான்னு எப்படித் தெரியும்?"

"கேட்டுக்குவோம்" என்றார் அவர், இதில் என்ன இருக்கிறது என்பது போல.

எனக்குச் சுருக்கென்றது. நான் கேட்கவே இல்லையே. மருமகளும் அந்த ஒரே சொல்லோடு வளர்ந்தவள்தான். ஆனாலும் பூனை இடித்தது. இரண்டும் தெரிந்துதானே பூனைக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று வைத்திருக்கிறாள்? நாளைக்குத் தருகிறேன் என்று தாளை மடித்து வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"பூனைகிட்ட ‘நாம’ங்கிற. என்கிட்ட மட்டும் ஏன் ‘நாங்க’?"

அவள் விழித்தாள். "பூனைக்கு எதுக்கு அத்தை மரியாதை?"

"என்ன மரியாதை?"

"வா, வாங்க. நீ, நீங்க. அவ, அவங்க. நாம, நாங்க." விரல் விட்டு எண்ணினாள். "பெரியவங்ககிட்ட ‘ங்க’ போடணும்ல? சரியான்னு அவர்கிட்ட கேட்டேன். ரெண்டும் ஒன்னுதான், எதையாவது சொல்லுன்னாரு."

ரெண்டும் ஒன்றுதானாம். அவன் வரட்டும், இருக்கிறது அவனுக்கு.

"அப்போ அந்தப் பெரிய வீட்டுக்கு யார் யார் போறீங்க?" என்றேன்.

"நாங்க மூணு பேரும்தான். உங்களால படி ஏற முடியலைன்னுதானே கீழ் வீடாத் தேடினோம். நீங்களும் நல்லான்னு சொன்னீங்களே."

மடித்து வைத்த துணி மேலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். பிறகு ‘நாம’ என்றால் என்ன, ‘நாங்க’ என்றால் என்ன என்று மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னேன். பள்ளிக்குப் பின்னால் பார்த்து வைத்திருந்த ஒற்றை அறையைப் பற்றியும் சொன்னேன். அவள் முகம் வெளுத்துப்போனது.

"அப்போ ரெண்டு வருஷமா உங்கள வெளிய நிறுத்தி வெச்சா பேசினேன்?"

"மரியாதையாத்தான் நிறுத்தி வெச்ச, விடு."

மறுநாள் அந்தச் சொந்தக்காரம்மாவிடம் அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தலைமையாசிரியை மேஜையில் தாளை வைத்தேன். ‘இது நம் பள்ளி’ என்று எழுதியிருந்தேன். சாயங்காலம் வீட்டில் போன் அடித்தது. மருமகள் பேசி முடித்து அடுப்படிக்கு வந்தாள். ஒவ்வொரு சொல்லையும் யோசித்து எடுத்து வைத்தாள்.

"அத்தை, நம்ம வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை வர்றாராம்."

கட்டின புருஷனை மட்டும் ‘எங்க’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று திருத்த வாய் வரைக்கும் வந்தது. திருத்தவில்லை.

"வரட்டும்" என்றேன். "நாம ரெண்டு பேருமாச் சேர்ந்து கவனிச்சுக்கலாம்."