துடக்கு வீட்டு வாக்குகள்

புலம்பெயர்ந்து வந்த செயின்ட்-மிஷேலில் பழைய தையல் பாக்டரியொன்றை வாங்கித் திருத்திய கோயில் அது. கோயில் சங்கத்தில் வீட்டுக்கு ஒரு வாக்கு; அதுவும் ஆணுக்குத்தான். புருஷன் செத்த அன்றோடு சிவநேசத்தின் வீட்டு வாக்கும் போய்விட்டது. அன்னதானத்துக்கு மரக்கறி வெட்ட மட்டும் அவள் வேண்டுமாம்! புகை போக வழியில்லாத அந்தக் குசினியில் கண் தெரியாமல் எண்ணெய்ச் சட்டி தட்டுப்பட்டு, அவளோடு சமைக்கிற இலட்சுமிப்பிள்ளையின் கை வெந்தது. நிர்வாகம் "பேந்து பார்ப்பம்" என்று தள்ளிப்போட்டதோடு சரி.

அந்த ஆத்திரத்தில்தான் சிவநேசமும் தங்கச்சி தாட்சாயினியும் குளிரென்றும் பாராமல் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். பெண்களுக்கும் வாக்கு என்ற தீர்மானத்துக்கு ஆண்கள்தானே கை தூக்க வேண்டும்? இருவரும் ஒரே வீட்டு அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணி தருகிற வீடுகளென்றால் புருஷன்மாரின் பங்காளிகள் வீடுகள்தான். அங்கேயே போனார்கள். மற்றச் சனத்தின் கதவைத் தட்ட வெட்கம். போன வீடுகளில் எல்லாரும் ஓம் என்றார்கள். அதுவே வெல்லப் போதும்.

கூட்டத்துக்கு முதல்நாள், யாழ்ப்பாணத்தில் புருஷன்மாரின் சித்தப்பா கண்ணை மூடினார். பங்காளிகள் அத்தனை பேருக்கும் ஒரேயடியாகச் சாவுத் துடக்கு. அந்தத் தீட்டோடு கோயில் வாசல் மிதிக்கக் கூடாது. சிவநேசத்தின் போன் ஓயவில்லை.

"அக்கா, என்ன செய்யிறது? நாங்கள் வாறதோ?"

பக்கத்தில் நின்ற தாட்சாயினி கெஞ்சினாள். "கூட்டம் மேல் மண்டபத்திலதானே அக்கா. சாமி கீழதானே இருக்குது. வரச் சொல்லு!"

"விசர்க்கதை கதையாதை. துடக்கோட அந்தப் படி ஏறிப் பிள்ளையளுக்கு ஏதும் வந்தால்?"

சிவநேசத்துக்கு உண்மையாகவே பயம். வர வேண்டாம் என்று எல்லாருக்கும் அவளே சொன்னாள்.

தீர்மானம் தோற்றது. மறுநாள் கடையில் சிவநேசம் சிவானந்தத்தைக் கண்டாள். அவரும் பங்காளிதான், ஆனால் நிர்வாகத்தின் ஆள் என்று அவர் வீட்டுக்கு மட்டும் அவர்கள் போகவில்லை.

"நீங்கள் கூட்டத்துக்குப் போனனீங்களோ?"

"ஓம் பிள்ளை. கூட்டத்துக்கு என்ன துடக்கு? எதிர்த்துக் கை தூக்கிப்போட்டு வந்திட்டன்," என்று சிரித்தார் மனுசன்.

 சிவநேசம் நேரே தங்கச்சி வீட்டுக்குப் போய், அந்தாளைத் திட்டித் திட்டி அழுதாள். தாட்சாயினி அழவில்லை.

"அவரை ஏன் அக்கா திட்டுறாய்? நாளைக்கு உனக்கு வாக்குத் தந்தாலும் துடக்கெண்டு நீ வீட்டிலதான் இருப்பாய்."