பாட்டில் மூடி திறந்த நேரம்

கம்பெனி பஸ்ஸில் லீலாவின் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுப்பது என் வேலை. நிர்வாகம் கொடுத்த பதவி லைன் லீடர். இரண்டில் எதை நான் ஒழுங்காகச் செய்கிறேன் என்று கேட்டால், லைனில் உள்ள முப்பது பேரும் பாட்டிலைத்தான் சொல்வார்கள்.

ஒரகடத்தில் கார்களுக்கான வயர்களைக் கட்டாகக் கட்டித் தரும் கம்பெனி எங்களுடையது. லீலா மண்ணூர்க்காரி, முப்பத்தெட்டு வயது. மூன்று வருடமாக முடக்குவாதம். காலையில் விரல்கள் மடங்காது. நான் கோமதிநாயகம், சங்கரன்கோவில் பக்கம், ஐம்பது வயது. எனக்கு மூட்டுத் தேய்மானம். நான் வருவதற்கு முன்பே என் முழங்கால் சத்தம் வந்து சேர்ந்துவிடும்.

ஐந்து இருபதுக்கு மண்ணூரில் ஏறியதும் லீலா பாட்டில் மூடியைத் திருகிப் பார்ப்பாள். வராது. என்னிடம் நீட்டுவாள். லைனுக்குப் போன பிறகும் அவ்வப்போது திருகுவாள். என்றைக்கு எத்தனை மணிக்குத் தானாகத் திறக்கிறாளோ, அதை ஐடி கார்டு உறைக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் எழுதிக்கொள்வாள். அந்தத் தாள், மிஷினில் நாங்கள் தொங்கவிடும் செக் ஷீட்டின் அச்சு அசல். ஞாயிறுதோறும் போடும் மாத்திரை, ரத்தப் பரிசோதனை, வெந்நீர் ஒத்தடம், முடக்கத்தான் தோசை, விரல் பயிற்சி, கடைசியில் மூடி திறந்த நேரம்.

"மிஷினுக்கு டெய்லி பாக்கறோம்ல. கைக்குப் பாத்தா இன்னாணா?" என்பாள்.

பெரும்பாலும் எட்டரைக்குத் திறக்கும். சிக்கல் என்னவென்றால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் கைத்திறன் டெஸ்டை இந்தத் தடவை ஷிஃப்ட் தொடக்கத்துக்கு, ஆறரைக்கு, மாற்றிவிட்டார்கள். ஒரு நிமிடத்தில் எட்டு கனெக்டரை 'க்ளிக்' என்று பூட்டவேண்டும். பூட்டாவிட்டால் அவளுடைய வேலை ஒப்பந்தம் அத்தோடு முடிந்தது.

டெஸ்டுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்தாலே யாருக்காவது ஆபத்து. கூட்ரோட்டில் வேன் போட்டு விற்றுக்கொண்டிருந்த மூலிகைப் பொடியை வாங்கி முதலில் நானே விழுங்கினேன். மூன்றாம் நாள் சம்மணம் போட்டுச் சாப்பிட்டேன். என் மனைவி கனகலட்சுமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

லீலாவுக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தேன். "ஏ தாயி, மாத்திரையெல்லாம் தூரப் போட்டுரு, கேட்டியா."

"மாத்திரைய நிறுத்தமாட்டேன்ணா. இதயும் ஷீட்டுல எழுதிக்கறேன்."

நான்காம் நாள் பஸ்ஸில் ஏறியவள் மூடியைத் தானே திறந்தாள். ஐந்து இருபதுக்கு! எனக்கு வேலை போனது, ஆனால் தலைக்கனம் வந்தது. ஒரகடம் முழுக்க வைத்தியம் பார்க்கலாமா என்று யோசித்தேன்.

அவள்தான் சிரிக்கவில்லை. "மூணு வருசமா எறங்காத வீக்கம் நாலு நாள்ல எறங்குனா, உள்ள இன்னாவோ கீதுணா."

பொட்டலத்தையும் தாளையும் எடுத்துக்கொண்டு தன் டாக்டரிடம் போனாள். சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம், லேபில் பார்த்தால்தான் உறுதி, உடனே நிறுத்துங்கள் என்றாராம். ஒத்தடமும் கீரையும் இதம் தந்தால் தொடரலாம், மாத்திரைக்குப் பதிலாக அல்ல. எனக்கும் சொல்லியனுப்பியிருந்தார்: அந்த அண்ணன் உடனே சர்க்கரை பார்க்கட்டும். பார்த்தேன். முந்நூற்றுப் பத்து. சம்மணம் போட்டதற்கான வாடகை.

பொடியை நிறுத்தியதும் மூடி மறுபடி எட்டரைக்குப் போனது. டெஸ்டுக்கு நான்கு நாள். இப்போது எழுதவே கூசுகிறது, நான் கேட்டேன்: "டெஸ்ட் அன்னைக்கு மட்டும் ஒரு ஸ்பூன்?"

"இன்னா கீதுன்னு தெரியாதத துன்னு பாஸ் ஆனா, அடுத்த டெஸ்டுக்கும் துன்னணும். எனக்கு இந்தக் கை இன்னும் இருவது வருசம் வேணும்ணா."

மறுநாள் மேனேஜர் ரகுபதியின் அறைக்குப் போனோம். நான் அழத் தயாராகப் போயிருந்தேன், கைக்குட்டைகூட எடுத்திருந்தேன். லீலா மூன்று மாதத் தாள்களை மேஜைமேல் வரிசையாகப் பரப்பினாள்.

"சார், கை வேல செய்யுதான்னு பாக்கத்தானே டெஸ்டு? ஆறரைக்கு வச்சா என் நோவுதான் தெரியும். ஒம்போதரைக்கு வைங்க."

எந்தக் கெஞ்சலுக்கும் நிமிராத மேனேஜர், தாள்களுக்குக் குனிந்தார். "சரிம்மா. ஆறரைல இருந்து எட்டரை வரைக்கும் லைன்ல என்ன பண்ணுவ?"

"வயர் கலர் செக் பண்ற எடத்துல நிக்கறேன் சார். கண்ணு காலையிலயே தொறந்துடுது."

"இப்ப எங்க நிக்கற?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஃபேனைப் பார்த்தேன். ஒரு வருடமாக நான் அவளை அங்கேதான் நிறுத்தி வைத்திருந்தேன்.

"ஒன்பதரை. ஆனா எட்டுன்னா எட்டு, நிமிஷம்னா நிமிஷம்" என்றார் மேனேஜர்.

"அதான் சார் வேணும். வாட்ச்ச நீங்களே புடிங்க. இந்தண்ணா புடிச்சா நிமிஷம் நீண்டுக்கும்."

டெஸ்ட் அன்று என் கைகள் இரண்டும் சும்மா இருந்தன. லீலாவின் வீங்கிய கணுக்கள் நிதானமாக நகர்ந்தன. அவசரமே இல்லை. ஒவ்வொரு க்ளிக்கையும் நான் வாய்க்குள் எண்ணினேன். ஏழாவது நழுவியது. அவள் மூச்சை இழுத்து, கட்டைவிரலை விட்டு உள்ளங்கையால் அழுத்தினாள். க்ளிக். அடுத்ததும் க்ளிக்.

"ஐம்பத்தேழு" என்றார் மேனேஜர். கைக்குட்டை கடைசியில் பயன்பட்டது.

மறுநாள் பஸ்ஸில் ஏறியவள், மூடியைத் திருகிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"நேத்துதான பாஸ் பண்ண?" என்றேன்.

"அது கைக்குத் தெரியாதுணா."

திறந்து கொடுத்தேன். தண்ணீர் குடித்துவிட்டு, ஐடி கார்டு உறையிலிருந்து புதிய தாள் ஒன்றை உருவி என் மடியில் வைத்தாள். மேலே என் பெயர். நடைப்பயிற்சி, தொடைப் பயிற்சி, சர்க்கரை அளவு, முடக்கத்தான் தோசை. கடைசிக் கட்டத்தின் தலைப்பு: அடுத்தவர்க்கு வைத்தியம் சொன்னது, எத்தனை தடவை.

"பேனா கீதா?" என்றாள்.