தாயின் பாகம்

தொண்ணூற்றாறில் ஒரு ஞாயிறு பிற்பகல். புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த மவுண்ட் ஆல்பர்ட் வீட்டில் மகேசன் தொலைக்காட்சியில் ஐம்பதுகளில் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளை ஆங்கிலப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அருகே மனைவி ரதிதேவி போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் திடீரென்று ஓர் ஆங்கில வசனத்தைச் சொன்னாள். அடுத்த கணம் படத்தில் வந்த தாயும் அதையே சொன்னாள்.

"இது எங்கட பிரணவன்ரை நாடகமெல்லோ?"

"ஓம். நாடகமா வந்ததைத்தான் பிறகு படமாக்கினவங்கள்."

எண்பத்தெட்டில் மகேசன் யாழ்ப்பாணத்தில் ஆங்கில ஆசிரியர். அந்த நாடகத்தைப் பள்ளியில் அவர்தான் பழக்கினார். அப்பனோடு முரண்டுபிடிக்கும் மகனாக நடிக்கவிருந்தவன் அவர்களுடைய சொந்த மகன் பிரணவன். வீட்டில் பழகுவதற்காகத் தாயின் வசனங்களைத் தமிழ் எழுத்தில் ஒரு கொப்பியில் எழுதி ரதிதேவியிடம் கொடுத்திருந்தான். அவள் உச்சரிப்பைக் கேட்டு உருண்டு உருண்டு சிரிப்பான்.

மேடையேறுவதற்கு ஒரு வாரம் முன்பு, பயிற்சி முடிந்து சைக்கிளில் வந்தவனை ஆமி பிடித்துக்கொண்டு போனது. பிறகு ஒரு தகவலும் இல்லை.

படத்தில் மகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினான். ரதிதேவி கத்தியைக் கீழே வைத்தாள்.

"இதுவரைக்கும்தான் எழுதித் தந்தவன். இவன் திரும்பி வருவானோ?"

"இல்லை, ரதி. வரமாட்டான்."

மகேசன் தொலைக்காட்சியை நிறுத்தினார்.

"அண்டைக்கு மற்றப் பெடியளை நாலு மணிக்கே விட்டிட்டன். இவனைத்தான் மறிச்சு வைச்சனான்."

"ஏன்?"

"ஒரு வசனம் சரியா வரேல்லை. திருப்பித் திருப்பிச் சொல்ல வைச்சன். எனக்கு முன்னாலை கண் கலங்கினவன். அப்பவும் விடேல்லை. வெளிக்கிடேக்கை இருட்டிப்போச்சு. என்னோட கோவத்திலை தனியப் போயிட்டான்."

ரதிதேவி அவர் பக்கம் திரும்பினாள்.

"எல்லாரையும் ஒண்டா விட்டதெண்டுதானே சொன்னியள். எட்டு வருசமா."

"உண்மையைச் சொல்லியிருந்தா நீ என்னோட இந்த நாட்டுக்கு வந்திருப்பியோ?"

"வந்திருக்க மாட்டன்."

அவள் எழுந்து மகள் கிருசாந்தியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அழுகைச் சத்தம் கேட்கவில்லை. மகேசனால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

மாலையில் வேலை முடிந்து வந்த கிருசாந்தி, தன் கட்டிலில் சுவரைப் பார்த்துக் கிடந்த தாயைக் கண்டு பதறினாள்.

"என்னம்மா நடந்தது?"

"கொப்பாவைக் கேள்."

மகேசன் எல்லாவற்றையும் இரண்டாவது தடவையாகச் சொன்னார். கிருசாந்தி கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் நின்றபடி கேட்டாள். அவர் சொல்லி முடித்ததும் தாயின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள்.