மஞ்சள் கொஞ்சம் தூக்கல்

மாடியில் இருக்கும் பல் மருத்துவர் தம்மைப் பல் மருத்துவர் என்று சொல்லிக்கொள்வதில்லை. வாசல் பலகையில் 'புன்னகைச் சிற்பி' என்று போட்டிருக்கிறார். அதே கட்டடத்தின் பின்பக்கம், மோட்டார் அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவே உட்கார்ந்து, நிஜமாகவே சிற்பம் செய்கிறவருக்குப் பலகை கிடையாது. மாடியில் அவர் பெயர் 'பவுடர்'. "இதைப் பவுடர்கிட்ட குடுத்துடு", "பவுடர் போன் எடுக்கல" என்கிற அளவில் அவர் புகழ் பரவியிருந்தது.

இருபத்திரண்டு வருடமாகப் பீங்கான் பவுடரைத் தண்ணீரில் குழைத்து, உலோகத் தொப்பியின்மேல் பூசி, சூளையில் வைத்துப் பல்லாக்குகிறார். ஆட்கள் வருவதில்லை. வாய்கள் மட்டும் வரும், சுண்ணச் சாந்தில் வார்த்த அச்சுகளாக. ஊரில் பாதிப் பேருடைய கடைவாய் அவருக்கு அத்துப்படி. ஆனால் தெருவில் எதிரே வந்தால் ஒருவரையும் தெரியாது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டுதானே நடக்கிறார்கள்.

சொந்தம் என்று வேறு ஊரில் ஓர் அக்காள். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்வாள்.

"ஊர்ல உள்ளவன் வாயையெல்லாம் கட்டுற. உன் வாயைத் தொறக்க ஆள் வைக்கணுமாடா?"

"வேலை இருக்குக்கா."

"சரி, பல்லோடயே குடும்பம் நடத்து."

அப்படி நடந்துகொண்டிருந்த குடும்பத்தில்தான் ஒரு முன்பல் வந்து சேர்ந்தது.

ஆறு பல் சேர்ந்தாற்போல் கட்டச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு கட்டிவிடலாம்; ஆறும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும். ஒற்றை முன்பல் அப்படியல்ல. பக்கத்தில் நிஜப் பல் ஒன்று மாமியார்போல் உட்கார்ந்து குற்றம் பார்க்கும். மாடிச் சிற்பி சீட்டில் எழுதி அனுப்பிய ஷேட்படி, அதாவது நிற எண்படி, பவுடர் ஒரு கேப், பல்லின்மேல் மாட்டும் உறை, செய்தார். வாயில் வைத்தால் சுண்ணாம்பு அடித்த சுவர். காரணம் எளிது. அரைமணி நேரம் வாயைத் திறந்து வைத்து ராவிய பிறகு சிற்பி நிறம் பார்த்திருக்கிறார். எச்சில் காய்ந்தால் எந்தப் பல்லும் வெளுத்துத் தெரியும். இது பவுடருக்குத் தெரியும், மாடிக்குத் தெரியாது.

"ஷேட் நீங்களே பாத்துக்கோங்க," என்று சிற்பி போனில் பெருந்தன்மையாகச் சொன்னார். "என் வேலை கான்செப்ட். டீடெயில்ஸ் உங்க டிபார்ட்மென்ட்."

மறுநாள் காலை பத்து மணிக்கு, கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு ஓர் அம்மாள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். ஐம்பது வயது இருக்கும். தற்காலிகப் பல் நிற்காமல் விழுந்துகொண்டே இருந்ததால் நர்ஸ் அதை எடுத்தே விட்டிருந்தாள்.

"ஷார், உள்ள வரலாமா?"

அந்த அறைக்குள் யாரும் அனுமதி கேட்டு வந்ததில்லை. பவுடர் எழுந்து, ஒரே நாற்காலியைத் துடைத்து ஜன்னலோரம் போட்டார். அவருக்கு உட்கார இடமில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

"நாக்கால ஒரு தடவை ஈரம் பண்ணிக்கோங்க மேடம்."

நிறப் பட்டையில் பதினாறு பல் மாதிரிகள். ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். அவள் ஓரக்கண்ணால் அந்தப் பட்டையைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள், கைக்குட்டை இல்லாமல்.

"எங்க கடையிலயும் இதே மாதிரி அட்டை இருக்கு ஷார். பெயிண்ட் கடை. கலர் கலக்குறது நான்தான். நேத்து ஒருத்தர் வந்து, 'கொஞ்சம் ஷந்தோஷமான மஞ்சள் குடுங்க'ங்கறார். ஷந்தோஷத்தை எந்த டப்பால தேடறது?"

பவுடர் சிரித்தார். தம் சிரிப்பு அந்த அறையில் எப்படி ஒலிக்கும் என்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

அன்று மாலைவரை அந்த ஒரு பல்தான் வேலை. உலோகத்தின் கருமை மறைய ஓபேக் இரண்டு பூச்சு பூசிச் சுட்டார். அதன்மேல் பல்லின் உடம்புக்கு ஒரு மாவு, நுனிக்குக் கண்ணாடிபோல் ஒரு மாவு. தூரிகையால் வைத்து, தட்டி, மேலே கசியும் தண்ணீரை டிஷ்யூவில் ஒற்றி, மறுபடி வைத்தார். சூளையில் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிப்போகும் என்பதால் பச்சையாக இருக்கும்போது பல்லை யானைத் தந்தம்போல் பெரிதாகத்தான் கட்டவேண்டும். குறைந்த இடத்தில் இன்னொரு பூச்சு, இன்னொரு சூடு. பக்கத்துப் பல்லில் டீக்கறை ஏறிய மயிரிழைக் கோடும், நுனியில் மேகத்துணுக்குபோல் ஒரு வெள்ளையும் இருந்தன. அவற்றையும் விடவில்லை.

மறுநாள் அவள் வந்தாள். கேப்பை மாட்டிவிட்டு, ஈரப்படுத்தச் சொல்லி, பவுடர் பார்த்தார்.

சரியாக இருந்தது. சொன்னால் தற்பெருமை, சொல்லாவிட்டால் பொய். இரண்டு முன்பல்லில் எதைத் தாய் பெற்றாள், எதைப் பவுடர் பெற்றார் என்று பிரிக்க முடியவில்லை. 'நல்லாயிருக்கு, மாடிக்குப் போய் ஒட்டிக்கோங்க' என்று சொல்ல வேண்டியதுதான். வாயைத் திறந்தார்.

"மஞ்சள் கொஞ்சம் தூக்கல்," என்றார்.

அவள் கண்ணாடியில் பார்த்தாள். "எனக்கு சரியாத்தான் சார் தெரியுது." பல் இருந்ததால் 'சார்' சுத்தமாக வந்தது. "ஆனா நீங்க சொன்னா சரிதான். என்கிட்ட வர்றவங்களும் நான் சொல்றதை இப்படிக் கேட்டுக்கிட்டா என் வேலை பாதி குறைஞ்சிடும்."

அப்புறம் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, மறுபடி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு போனாள். பவுடருக்கு ஒரு மனசாட்சி இருந்தது. பொய்க்கும் முறையாக வேலை செய்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு பூசி, கேப்பை மறுபடி சூளைக்குள் அனுப்பினார். இரண்டு நாள் கழித்து அவள் வந்தபோது "நுனி கொஞ்சம் சாம்பல் அடிக்குது," என்றார். அந்த வாரம் அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டார். இரவல் நாற்காலி ஒன்றும் அறைக்குள் வந்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தொழில் தெரிந்தவருக்குத்தான் தெரியும். உடம்பு கட்டிய பிறகு பீங்கானுக்கு நாலு சூடுதான் மரியாதை. அதற்குமேல் போனால் பல்லின் உயிர் போய்க் கண்ணாடியாகிவிடும், இல்லையென்றால் உலோகத்தோடு பிணங்கி வெடிக்கும். நாலு சூடும் ஆகிவிட்டன. பளபளப்புக்கான கடைசிச் சூடு இன்னும் பாக்கி.

அடுத்த முறை, ஒரு வாரம் தள்ளி, அவள் வந்ததும் உட்காரக்கூட இல்லை.

"உங்களைப் பத்திக் கடையில எல்லார்கிட்டயும் ஷொல்லிட்டேன் ஷார். இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனான்னு கேக்கறாங்க. 'எனக்கே தெரியாத குறையை அவரா கண்டுபிடிச்சு, திருப்பி வாங்கிச் ஷெய்யறார். நாணயம்னா அது'ன்னேன்."

பவுடர் நிறப் பட்டையைப் பார்த்தார். பதினாறு பல்லும் அவரைப் பார்த்து இளித்தன. இத்தனை வருடம் மாடிப் பலகையைப் பார்த்துச் சிரித்த மனிதருக்கு அன்று தமக்கே ஒரு பலகை கிடைத்திருந்தது. இரண்டு வாரம் ஒருத்தியைக் கைக்குட்டையோடு கல்லாவில் நிற்கவைத்ததற்குக் கிடைத்த பட்டம்.

கேப்பை மாட்டினார். "சரியா இருக்கு," என்று அவசரமாகச் சொன்னார். "சாயந்தரம் அஞ்சு மணிக்கு மாடில ஒட்டிடுவாங்க. இங்க வர வேண்டாம்."

"இங்க வர வேண்டாமா?"

"வேண்டாம். முடிஞ்சிடுச்சு."

அவள் போனதும் கடைசிச் சூடு. சூளை திறந்தபோது கேப் பளபளவென்று இருந்தது. ஆறும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். கழுத்திலிருந்து நுனிவரை ஒரு விரிசல்.

போனைக் கையில் எடுத்தார். 'உடைஞ்சிடுச்சு, நாளைக்கு ஒரு தடவை வாங்க' என்றால் போதும். கலப்படமில்லாத உண்மை, முதல் தரமான காரணம். இரண்டு வாரம் காரணம் இல்லாமல் வரவழைத்தவருக்குக் காரணம் கிடைத்ததும் கூச்சம் வந்துவிட்டது. போனைக் கீழே வைத்தார்.

பீங்கான் முழுவதையும் மணல் பீச்சி உரித்தார். உலோகத்திலிருந்து மறுபடி தொடங்கினார். மணி காலை பதினொன்று. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. அச்சைப் பார்க்க வேண்டியிருந்தது. நிறப் பட்டையைத் தொட வேண்டியிருக்கவில்லை. எவ்வளவு மஞ்சள், எவ்வளவு சாம்பல், அந்தக் கோடு எங்கே வளைகிறது, சிரிக்கும்போது உதட்டின் நிழல் எவ்வளவு தூரம் இறங்குகிறது எல்லாம் கையில் இருந்தன. நாலே முக்காலுக்கு மாடி நர்ஸ் வந்து, சூடு ஆறிய கேப்பை வாங்கிப் போனாள்.

ஆறு மணிக்குச் சிற்பி போன் செய்தார்.

"பாத்தீங்களா? நான் முதல்ல எழுதின ஷேட்தான் கடைசில சரியா வந்திருக்கு! கான்செப்ட் தெளிவா இருந்தா இப்படித்தான்."

"ஆமா டாக்டர்."

"அந்தம்மா, 'கீழ ஒரு தடவை காட்டிட்டு வரட்டுமா'ன்னு கேட்டாங்க. தேவையில்ல, நானே ஓகே பண்ணிட்டேன்னு அனுப்பிட்டேன். உங்க நேரம் மிச்சம்."

மிச்சமான நேரத்தை வைத்துக்கொண்டு பவுடர் பத்து நாள் உட்கார்ந்திருந்தார். இரவல் நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை அக்காளிடம் வழக்கத்தைவிட இரண்டு வாக்கியம் அதிகம் பேசப்போய், "உடம்பு சரியில்லையாடா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பதினோராம் நாள் பெயிண்ட் கடைக்குப் போனார். உண்மையைச் சொல்லிவிடுவது, அவ்வளவுதான். முதல் நாளே சரியாக இருந்தது என்று ஒரே ஒரு வரி. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

அவள் கல்லாவில் நின்று யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தாள். கைக்குட்டை இல்லை. பவுடர் பழக்கதோஷத்தில் வாயைத்தான் முதலில் பார்த்தார். வெளிச்சம் சாய்வாக விழுந்தது, பல் ஈரமாக இருந்தது. இடதா, வலதா? ஒரு கணம் அவருக்கே தெரியவில்லை.

"அட, சார்! வாங்க வாங்க!" என்று அவள் பக்கத்துக் கல்லாக்காரரைத் தட்டிக் கூப்பிட்டாள். "சொன்னேன்ல, மூணு தடவை குறை கண்டுபிடிச்சவர். இவர்தான்!"

இரண்டு தடவைதான். அவர் திருத்தவில்லை.

பக்கத்துக் கல்லாக்காரர் தலையாட்டிவிட்டு, டப்பா ஒன்றைக் குலுக்கும் எந்திரத்தில் மாட்டிப் பொத்தானை அழுத்தினார். கடகடவென்று கடை முழுதும் அதிர்ந்தது.

"முதல் நாளே சரியா இருந்துச்சு," என்றார் பவுடர்.

"என்ன சார்?" அவள் காதில் கை வைத்துக் குனிந்தாள்.

"முதல் நாளே—"

"கேக்கல சார்! இது ஒண்ணு, எப்பப் பாரு!"

எந்திரம் நின்றது. கடை சட்டென்று அமைதியானது. இரண்டு கல்லாவும் ஒரு வாடிக்கையாளரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"வெள்ளை," என்றார். "ஒரு லிட்டர்."

"எந்த வெள்ளை சார்?" அவள் அட்டையை விரித்தாள். "முப்பத்தெட்டு இருக்கு."

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் ஆள் சேர ஆரம்பித்தது.

"நீங்க சொல்லுங்க," என்றார். "நீங்க சொன்னா சரிதான்."

அவள் ஒன்றைத் தேர்ந்து, கலக்கி, மூடியில் ஒரு பொட்டு வைத்துக் காயவைத்துக் கொடுத்தாள். அடுத்த ஆளைப் பார்த்து, "சொல்லுங்க சார்," என்றாள்.

டப்பா இன்னும் சூளைக்குப் பக்கத்தில் இருக்கிறது, திறக்காமல். மூடியில் வைத்த பொட்டைச் சில காலைகளில், பத்து மணி வெளிச்சத்தில், பவுடர் ஜன்னலோரம் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். நல்ல வெள்ளைதான். மஞ்சள் தூக்கல் இல்லை.