முக்கோணத்தின் மேல் நிற்க வேண்டிய முள்

...இல்லை, இது நடுக்கம் இல்லை, குளிர்தான், சுவிஸ் மலையூர் ஷோ-த-ஃபோனின் மேட்டுத் தெருவில் கையுறை இல்லாமல் ஏறி வந்த விறைப்பு, பத்து நிமிடத்தில் விட்டுவிடும். ஏப்ரல் பிறந்தும் பனி விடாத ஊரில் எவளாவது கையுறை இல்லாமல் வருவாளா, நான் வந்தேன், பொத்திப் பொத்தி வைத்தால் இந்த மணிக்கட்டு இன்னும் தன்னை நோயாளி என்றே நினைத்துக்கொண்டிருக்கும்... ஐந்து மாதம் ஆயிற்று, நவம்பரின் முதல் பனியில் வீட்டு வாசற்படியில் கால் வழுக்கி, வலது கையை ஊன்றி, உள்ளே ஏதோ சுள்ளி ஒடிகிற மாதிரி சத்தம் கேட்டு. இப்போது அதற்குள் ஒரு தகடும் ஏழு திருகாணியும் இருக்கின்றன. இருபத்தாறு வருஷம் கடிகாரப் பட்டறையில் கண்ணுக்குத் தெரியாத திருகாணிகளை முடுக்கியவளுக்கு, கட்டைவிரல் நகம் நீளத்தில் ஏழு. பக்கத்து மேசை ஃபாபியென் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துவிட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை உன்னைக் கழற்றி எண்ணெய் போடணுமா என்று கேட்டாள், சிரித்ததில் கட்டு வலித்தது. நேற்று தியெரி சிரிக்கவில்லை. பட்டறைத் தலைவன், என்னைவிட ஒன்பது வயது சின்னவன், மேசைக்கு வந்து சொல்லாமல் காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் நிறுத்திச் சொன்னான். “ஒரே ஒரு கடிகாரம், ஜொசியான். நாளைக்கு மதியத்துக்குள்ள. சரியா வந்தா மேசை உங்களோடதுதான்.” வராவிட்டால் என்னவென்று அவன் சொல்லவில்லை, மாடியில் உத்தரவாதச் சீட்டு எழுதிப் பெட்டி கட்டும் அறைக்கு ஆள் தேவை, அங்கே ஜன்னலில் நல்ல வெளிச்சம் என்று மட்டும் சொன்னான். நல்ல வெளிச்சம்... சீட்டு எழுத எதற்கு அவ்வளவு வெளிச்சம்?

சரி, வேலையைப் பார். கடிகாரத்தின் உள் இயந்திரம் ஓடுகிறது, அது நேற்றே கோத்தது, காதருகே வைத்தால் சீராகத்தான் துடிக்கிறது. கறுப்பு டயலை மாட்டியாயிற்று, வெள்ளை எண்கள், பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் எண்ணுக்குப் பதில் ஒரு முக்கோணம், தலைகீழாய்ப் பறந்தாலும் எது மேல் என்று தெரிவதற்காம். கையுறையோடு திருக வசதியாக வெங்காயம் மாதிரி பெரிய குமிழ், காந்தம் தீண்டாதிருக்க உள்ளே ஓர் இரும்பு உறை. போர் விமானிகளுக்காக யோசித்து வைத்ததெல்லாம் இப்போது யார் கையில் ஏறுகிறது, பெரும்பாலும் பல் டாக்டர்கள் கையில் என்பது ஃபாபியெனின் கட்சி, கடைவாயைப் பிடுங்கும்போது காந்தப் புயல் அடித்தால் என்ன செய்வார் பாவம் என்பாள். ஆனால் எல்லாரும் பல் டாக்டர் இல்லை. போன வருஷம் பட்டறையைப் பார்க்க வந்தாளே, விமானப்படைக்காரி, கேப்டன் டானர், ஜெர்மன் பேசும் பெர்ன் பக்கத்துப் பெண், பிரெஞ்சைக் கல் பொறுக்குகிற மாதிரி பேசினாள், கையில் நம் கடிகாரம், கண்ணாடியில் இரண்டு கீறல். எண்கள் ஏன் இவ்வளவு பெரிது, முரடாகத் தெரியாதா என்று கூட வந்த யாரோ கேட்டதற்கு அவள் அரைவட்டமாகத் திரும்பி... என்ன சொன்னாள்... வரும், அது தானாக வரும்.

சின்ன டயலின் முள் சரி. மணி முள் சரி. நிமிட முள்ளை எடுக்கும்போது இடுக்கி ஒரு மயிரிழை ஆடியது, அவ்வளவுதான், முள் துள்ளிப் போயிற்று. போச்சு. எங்கே? மேசையில் இல்லை, மடித்துணியில் இல்லை. ஃபாபியென் நாற்காலியை நகர்த்திவிட்டுத் தரையில் மண்டியிட்டாள், ஐம்பத்து மூன்று வயசுக்காரி, முட்டி வலிக்காரி. நானும் மண்டியிட்டேன். மேசைக்கடியில் முகத்துக்கு முகம்.

“அழுறியா?”

“தூசி.”

“தூசியே இல்லாத பட்டறைடி இது. மாசத்துக்கு ரெண்டு தடவை நானும்தான் முள்ளைப் பறக்கவிடறேன். நீ இல்லாத அஞ்சு மாசத்துல எண்ணிப் பார்க்கவும் ஆள் இல்ல, கேலி பண்ணவும் ஆள் இல்ல.” என் சட்டைக் கையின் மடிப்பிலிருந்து முள்ளை விரல் நுனியில் ஒற்றியெடுத்துக் காட்டினாள், கீறல் இல்லாமல், பளபளவென்று.

பிறகு உட்கார்ந்தேன், நிமிட முள்ளும் உட்கார்ந்தது, மிச்சம் ஒன்றுதான், நடுவில் நிற்கும் நீண்ட விநாடி முள், இதுதான் வம்பு பிடித்தது. பொத்தானை அமுக்கினால் எங்கே ஓடிக்கொண்டிருந்தாலும் பாய்ந்து திரும்பி முக்கோணத்தின் உச்சியில் நின்று, அந்தக் கணமே மறுபடி ஓடத் தொடங்க வேண்டும். துளி சாய்ந்து அழுந்தினால் உச்சிக்குப் பக்கத்தில் நிற்கும், பிடுங்கி மறுபடி போட்டால் துளை தளர்ந்துவிடும், ஒரு தடவைதான்... ஒரு தடவை என்று நினைக்காதே, வேறு எதையாவது நினை. கஞ்சி குடிக்கவும் பல் தேய்க்கவும் வரி வரியாய்க் கையெழுத்துப் பழகவும் ஐந்து மாதம் இடது கை பட்ட பாடு, முதல் வாரம் மூக்கில் போன சூப்... ஆ, டானர், இப்போது வருகிறது, அவள் சொன்னது இதுதான்: “அங்க எல்லாமே ஆடும் மேடம். இருக்கை, கை, கண்ணு, எல்லாம். ஆடாதுன்னு நினைச்சு செஞ்ச பொருள் எனக்கு உதவாது.” அன்று தலையாட்டினேன், காதில் விழுந்ததே தவிர உள்ளே போகவில்லை. ஆடும் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு செய்த பொருளா இது, இருபத்தாறு வருஷமாக அதைத்தானா நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கல்லாய்ச் சமைந்த கையால் கோத்துக்கொண்டிருந்தேன், அந்தப் பெண் எங்கேயோ மேகத்துக்கு மேலே ஆடிக்கொண்டே அரை நொடி மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, பார்த்தது போதும் என்று முன்னால் திரும்பிக்கொள்கிறாள்...

முள் இறங்கியிருந்தது. எப்போது அழுத்தினேன்? பொத்தானை அமுக்கினேன், உச்சி. ஓடவிட்டு அமுக்கினேன், உச்சி. இருபது தடவை, லென்ஸை மாட்டிக்கொண்டு மறுபடி இருபது. ஃபாபியென் தன் வேலையை நிறுத்திவிட்டு எண்ணிக்கொண்டிருந்தாள், தியெரி பின்னால் வந்து நின்றதை இருவருமே கவனிக்கவில்லை. கடிகாரத்தை வாங்கிச் சாய்த்தான், கவிழ்த்தான், காதில் வைத்தான், அவனும் அமுக்கிப் பார்த்தான். ஓட்டச் சோதனைத் தட்டில் வைக்கிறேன், வெள்ளிக்கிழமை தெரியும் என்றான், நேற்று காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் குரலில் இருந்த தயக்கம் இல்லை. போக எடுத்தவன் திரும்பினான்.

“இந்த முள்ளை எந்தக் கையால அழுத்தினீங்க?”

வலது என்று வாயெடுத்தேன். இடுக்கி மேசை நடுவில் கிடந்தது. இரண்டு கைகளும் டயலின் இரண்டு பக்கமும் சும்மா இருந்தன, வலது லேசாக ஆடிக்கொண்டு, இடது அப்படியே... யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை, நிஜமாகவே தெரியவில்லை.